மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் வண்டி வாங்கும் விவரங்களை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நோட்டு, மில்லில் மீந்துபோன வருகைப் பதிவேடு. நான் அங்கே டைம் ஆபீஸில் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று இருபத்தாறு வருடமாக எழுதிவருகிறேன். உள்ளதை உள்ளபடி எழுதுவது எனக்குக் கைவந்த வேலை.

விஷயம் இதுதான். என் மனைவி வசந்தாமணி மூன்று வருடமாக வள்ளி கும்மி ஆடுகிறாள். உடம்புக்கு நல்லது என்று மாலையில் ஆடப் போனவள், இப்போது ஆசிரியை ஆகிவிட்டாள். காரமடையைச் சுற்றி ஐந்து ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், மைக், உடுக்கை, சலங்கை மூட்டை. எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் குட்டியானை வண்டி பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். குட்டியானைக்காரர் வராத ஒரு நாளில் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போயிருக்கிறாள். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தாராம்.

இன்று காலை இட்லி வைக்கும்போது, "ஏனுங்க, நம்ம ஒரு காரு வாங்கிப் போடலாமுங்க. பின்னால சாமான் வெக்கற மாதிரி நல்லா நீளமா" என்றாள்.

கார் விஷயத்தில் என்னைக் கேட்காமல் எங்கள் மில்லில் யாரும் வாங்குவதில்லை. எங்களுக்கென்றே பதினொரு வருடங்களில் நாற்பத்து மூன்று வண்டிகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். நாற்பத்து மூன்றையும் வேண்டாம் என்று சொன்னேன். ஒன்றில் கதவு மூடும் சத்தம் சரியில்லை. ஒன்றின் உரிமையாளர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஒன்றில் எவ்வளவு தேடியும் ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது.

அவசரப்படக் கூடாது என்றேன்.

"அவசரமே இல்லீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம கோத்தகிரிக்குப் போயி பாத்துட்டு வந்தறலாம்" என்றாள்.

ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள்!

ஆகஸ்ட் 21, புதன்

கேட்க வேண்டிய கேள்விகள் அறுபத்து நான்கு தயார். காந்தம் ஒன்றும் வாங்கினேன். பாடியில் காந்தம் ஒட்டாத இடம் இருந்தால் அங்கே அடிபட்டுப் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வண்டிக்காரர் பெயர் பெள்ளி. படகர். எழுபது வயது இருக்கும். தலையில் வெள்ளை முண்டாசு, மேலே ஸ்வெட்டர். கேரட்டும் பீன்ஸும் போடுகிற தோட்டம். இருபது வருடமாகத் தன் தோட்டத்துக் காய்களை இந்த வண்டியில்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார். இப்போது மகன் புதிதாகப் பிக்கப் வாங்கிவிட்டதால் இதை விற்கிறார்.

வண்டி, ஸ்டேஷன் வேகன். முன்னாலிருந்து பார்த்தால் சாதாரணக் கார். பக்கவாட்டில் பார்த்தால் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் இன்னும் மூன்றடி போகிறது. இளம்பச்சை நிறம். இப்படி ஒரு வண்டி செய்வதைக் கம்பெனிக்காரர்களே நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. குனிந்து மீட்டரைப் பார்த்தேன். 3,12,406. பூமியை ஏழு முறை சுற்றிவிட்டு எட்டாவது சுற்றில் பாதியைத் தாண்டிய தூரம்.

"ரொம்ப ஓடியிருக்கே" என்று முகத்தைச் சுளித்தேன். விலை குறைக்க முகம் முக்கியம்.

"ஓடிருக்குங்க. எல்லாம் மலை ஏறி எறங்குனதுதான். ஆனா ஒருநாளும் என்னைய நடுரோட்ல விட்டதில்லீங்க" என்றார்.

காந்தத்தை எடுத்து ஒவ்வோர் அங்குலமாக வைத்துக்கொண்டு வந்தேன். இடது பக்கப் பின்கதவில் ஒட்டாமல் கீழே விழுந்தது.

"இங்க பட்டி பார்த்திருக்கீங்க!"

"ஆமாங்க. காட்டெருமை முட்டிருச்சு. கட்டபெட்டு வளைவுல. அதுக்கு ஒண்ணும் ஆகலீங்க, எந்திரிச்சுப் போயிருச்சு."

இப்படி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கேள்விகளை ஆரம்பித்தேன். ஒன்பதாவது கேள்வியில் இருக்கும்போது வசந்தாமணி பின்சீட்டை மடித்துப் போட்டாள். பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். அதில் ஸ்பீக்கர் பெட்டியின் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு உள்ளே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒருமுறை கைதட்டினாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானுங்க" என்றாள். இறங்கி வந்து பெள்ளியின் கையில் முன்பணத்தைக் கொடுத்துவிட்டாள். கும்மிக்குப் போய் அவளே சேர்த்த பணம். ஐம்பத்தைந்து கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

"நீங்களே ஒருக்கா ஓட்டிப் பாருங்க சார்" என்று பெள்ளி சாவியை நீட்டினார்.

ஒரு வண்டியின் தரத்தை ஓட்டுகிறவனை விடப் பக்கத்தில் உட்காருகிறவனால்தான் நன்றாக அறிய முடியும் என்பது என் கருத்து. ஓட்டுகிறவன் கவனம் முழுக்க ரோட்டில் போய்விடுகிறது. இதை அவரிடம் விளக்கினேன். அவர் வசந்தாமணியைப் பார்த்தார். வசந்தாமணி தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தாள். கடைசியில் அவரே நான்கு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார். புதன்கிழமை மேட்டுப்பாளையத்தில் வேலை இருக்கிறது, அப்படியே வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். நல்ல மனுஷர்.

திரும்பும்போது பஸ்ஸில் வசந்தாமணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அப்புறம், "இனிமே ஞாயித்துக்கெழமைல வண்டி பாக்கறேன்னு எங்கியும் போக முடியாதுல்லங்க" என்றாள்.

ஆகஸ்ட் 28, புதன்

பெள்ளி வண்டியைக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் நிறுத்தினார். டீ குடித்தார். சாவியை என் கையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார். தெருமுனையில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமுங்களா?" என்றாள் வசந்தாமணி.

இருபது வருடம் மலைக்காற்றில் ஓடிய எஞ்சின், கீழே உள்ள காற்றுக்குப் பழகப் பத்து நாளாவது ஆகும் என்று விளக்கினேன். மீட்டர் 3,12,452.

செப்டம்பர் 1, ஞாயிறு

வண்டியைக் கழுவினேன். சீட்டுக்கு அடியில் ஒரு கேரட் கிடைத்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று சிறுமுகையில் வகுப்பு. "வண்டிய எடுங்க, போலாம்" என்று காலை எட்டு மணிக்கே பெட்டிகளுடன் வந்து நின்றாள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பிக்கிறது, போய்த் திரும்புவதற்குள் வந்துவிடும் என்றேன். பிறந்ததிலிருந்து நான் எமகண்டம் பார்த்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும். குட்டியானைக்குப் போன் செய்தாள்.

என்னிடம் இருபத்து மூன்று வருடமாக லைசென்ஸ் இருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். காலாகாலத்தில் புதுப்பித்தும் வருகிறேன். இதுவரை ஒரு விபத்து, ஒரு அபராதம் கிடையாது. மில்லில் வேறு யாராவது இப்படிச் சொல்ல முடியுமா?

மீட்டர் 3,12,452.

செப்டம்பர் 11, புதன்

பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் காலையில் வண்டியில் உட்கார்ந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேன். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொள்கிறேன். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் இன்று வாசலுக்கே வந்து, "டெய்லி கார்ல கெளம்பறீங்க, அப்பறம் பாத்தா சைக்கிள்ல போறீங்க?" என்று கேட்டார். மனிதர்களுக்கு இயந்திரங்களைப் பற்றிய அறிவு குறைவு.

செப்டம்பர் 15, ஞாயிறு

வசந்தாமணி ஆக்டிங் டிரைவர் ஒருவனை ஏற்பாடு செய்துவிட்டாள். பெயர் ரங்கராஜ். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து ஓட்டிவிட்டுப் போவான். நல்ல யோசனைதான் என்று நானும் சொன்னேன். என் போன்றவர்கள் மேற்பார்வையில் இருந்தால் போதும்.

இன்று அன்னூர் வகுப்புக்கு நானும் போய், அது முடியும்வரை வண்டிக்குக் காவல் இருந்தேன். முன்சீட்டில் வசந்தாமணி. ஒரு ஸ்பீக்கர் பெட்டி பின்சீட்டில் ஏறிவிட்டதால், நான் அதற்கும் கதவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அவன் வளைவில் மூன்றாம் கியர் போட வேண்டிய இடத்தில் நான்காவதில் போனான். சொன்னேன். "சரிங்ணா" என்று சிரித்துவிட்டு நான்காவதிலேயே போனான். வண்டி ஒன்றும் ஆகாமல் போனது. அது வண்டியின் நல்ல குணம்.

வழி முழுக்க அவள் அவனிடம் என்னவோ கதை சொல்லிக்கொண்டு வந்தாள். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில்லுக்குப் பின்தெருவில் உள்ள டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு விஷயமாகப் போனேன். நடத்துகிறவர் ஷகிலா பானு என்ற பெண். சின்ன வயது, ஆனால் மேஜைக்குப் பின்னால் தலைமையாசிரியை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

என் நண்பர் ஒருவருக்கு லைசென்ஸ் இருந்தும் வண்டி ஓட்டப் பயமாக இருக்கிறது, அவருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"கூட்டிட்டு வாங்க சார். பத்து நாள்ல சரி பண்ணிடலாம்."

"அவரு வரமாட்டாரும்மா. கூச்சப்படுவாரு."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப ஒண்ணு பண்ணலாம் சார். அவருக்குப் பதிலா நீங்க வந்து கத்துக்குங்க. அப்பறம் போயி அவருக்குச் சொல்லிக் குடுங்க."

எவ்வளவு அறிவான பெண்! பதிவேட்டில் எழுத நண்பரின் பெயரைக் கேட்டார். சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. முத்து என்றேன்.

கீழே நாச்சிமுத்து என்று நான் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நாளை மறுநாள் வரச் சொன்னார்.

செப்டம்பர் 19, வியாழன்

நண்பருக்காக இன்று கிளட்ச் கற்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

பொட்டல் மைதானத்தில் எட்டு முறை வண்டி ஆஃப் ஆனது. ஷகிலா பானுவின் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. அதை அவர் அடிக்கடி உபயோகிக்கிறார். அதற்கு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

"முத்து சாருக்குக் காலு நடுங்குமா சார்?"

"நடுங்கும்."

"இப்ப உங்களுக்கு நடுங்கற மாதிரியா?"

"இதவிட அதிகம்மா. பாவம்."

"அவருகிட்ட சொல்லுங்க. எனக்கும் மொத மாசம் நடுங்குச்சு. சல்வார் போட்டிருந்ததால வெளிய தெரியல."

சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 30, திங்கள்

இன்று மூன்றாம் கியர். மணிக்கு நாற்பது கிலோமீட்டர். நண்பர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அக்டோபர் 4, வெள்ளி

மேட்டில் நிறுத்தி எடுக்கும் பாடம். ஹேண்ட் பிரேக்கை விடும்போதே கிளட்சைப் பாதி விட்டு ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும். மூன்று முறையும் வண்டி பின்னால் உருண்டது. நாலாவது முறை செய்யச் சொன்னார். தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இந்தப் பாடம் நண்பருக்குத் தேவைப்படாது. காரமடை சமதரையான ஊர்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வசந்தாமணி வண்டிக்குச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டாள். நான்கு சக்கரத்துக்கும் பின்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். திருஷ்டிப் பூசணிக்காயும் தயார். மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"பழத்து மேல ஏத்தோணுமே. ரங்கராஜ கூப்புடட்டுங்களா?" என்று கேட்டாள்.

நான் போய் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன். ரிவர்ஸ் கியர். கிளட்சை விட்டேன். நான்கு பழமும் ஒரே சமயத்தில் நசுங்கின. ஆறடி பின்னால் வந்து நிறுத்தினேன். கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. இரண்டாக வெட்டி வைத்திருந்த பூசணிக்காயின் மேலும் ஏறியிருந்தேன், அது கணக்கில் வராது.

மளிகைக்கடைக்காரர் கைதட்டினார். வசந்தாமணி கையில் கற்பூரத் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கற்பூரம் அணைந்தே போய்விட்டது. அப்புறம், "சட்டையில மஞ்சள் பட்டிருக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 16, புதன்

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளிப் பக்கம் ஒரு முருகன் கோயிலில் வள்ளி கும்மி அரங்கேற்றம். ஐந்து ஊர்ப் பெண்களும் சேர்ந்து இருநூற்று நாற்பது பேர் ஆடுகிறார்கள். முன்னால் நின்று பாடி ஆட்டத்தை நடத்துவது வசந்தாமணி. எல்லாருக்கும் பஸ் வைத்தாகிவிட்டது. ஸ்பீக்கர் செட்டும், முன்வரிசையில் ஆடும் ஐந்து பேரும் நம் வண்டியில். ரங்கராஜ் விடிகாலை ஐந்துக்கு வந்துவிடுவான்.

மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "பாட்டு நடுவுல மறந்துட்டா என்னங்க பண்றது?" என்று இன்று கேட்டாள். அவளுக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

ஓட்டினேன். நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

மில்லுக்கு லீவு சொல்லிவிட்டேன். கை இரண்டும் தோளிலிருந்து வலிக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நேற்று ஐந்தேகாலுக்கு ரங்கராஜிடமிருந்து போன். மனைவிக்கு இடுப்பு வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. வசந்தாமணி வேறு நான்கு டிரைவர்களுக்குப் போன் செய்தாள். முகூர்த்த நாள், யாரும் இல்லை. பஸ்கள் முன்னமே கிளம்பிப் போய்விட்டன. மஞ்சள் சேலையும் பச்சை ரவிக்கையுமாக ஐந்து பெண்கள் வாசலில் நின்றார்கள். அதில் சுப்பாத்தாளுக்கு அறுபத்தாறு வயது. முன்வரிசையில் நடுவில் ஆடுகிறவர் அவர்தான்.

வசந்தாமணி படியில் உட்கார்ந்துவிட்டாள். என்னை அவள் கேட்கவில்லை. இதை எழுதியாக வேண்டும்; அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் ஓட்டறேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சரிங்க" என்று எழுந்து முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் இறங்கியிருப்பேன்.

அன்னூர் தாண்டும்வரை முப்பதில் போனேன். பின்னாலிருந்து சுப்பாத்தாள், "ஏனுங் தம்பி, வண்டி போகுதா, நிக்குதா? எனக்கு மரமெல்லாம் ஒரே எடத்துல இருக்கற மாதிரி இருக்குது" என்றார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். நாற்பதுக்கு ஏற்றினேன். அவிநாசியைத் தாண்டினோம். வெயில் வந்தது. நெற்றி வியர்வையை வசந்தாமணி முந்தானையால் இரண்டு முறை துடைத்துவிட்டாள். டிரைவர்களுக்கு இதெல்லாம் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் அந்த ரயில்வே மேம்பாலம் வந்தது.

பாதி ஏறியதும் முன்னால் போன டெம்போ நின்றது. நானும் நிறுத்தினேன். டெம்போ கிளம்பியது. நான் எடுத்தேன், ஆஃப் ஆனது. மறுபடியும் எடுத்தேன். வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் இரண்டு பஸ். எல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கால் நடுங்கியது. நான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததால் அது வெளியே நன்றாகவே தெரிந்தது.

கதவைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். வேறெங்கும் எழுதியதில்லை.

எனக்கு இருபத்தைந்து வயதில், லைசென்ஸ் வாங்கிய எட்டாவது நாள், நண்பன் துரைசாமியின் காரைக் கேட்டு வாங்கி அம்மாவை மருதமலைக்குக் கூட்டிப்போனேன். இப்படித்தான் ஒரு மேம்பாலம். இப்படித்தான் நின்றது, இப்படித்தான் உருண்டது, இப்படித்தான் ஹாரன். நான் கதவைத் திறந்து இறங்கி நடந்து போய்விட்டேன். பாலத்தை விட்டு இறங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கே வந்துவிட்டேன். அம்மா காருக்குள் இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து துரைசாமிதான் போய்க் கூட்டிவந்தான். அம்மா அன்றைக்கு ரசம் வைத்தார், சாப்பாடு போட்டார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோகும்வரை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நேற்று நான் ஒரு காலை வெளியே வைத்தபோது வசந்தாமணி, "நீங்க உக்காருங்க. நாங்க எறங்கறோம்" என்றாள். ஆறு பேரும் இறங்கிவிட்டார்கள். பாலத்தின் ஓரத்தில் கிடந்த கல் இரண்டைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். லாரி டிரைவர் இறங்கி வந்து சத்தம் போட்டான். "ஏனப்பா, உன்ற லாரிக்குள்ள சோறு தீயுதா? சித்த பொறு!" என்று சுப்பாத்தாள் போட்ட சத்தத்தில் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

வசந்தாமணி ஜன்னலில் குனிந்தாள். "கல்லுப் போட்டாச்சுங்க. இனி வண்டி பின்னால வராது. வேணுங்கற நேரம் எடுத்துக்கங்க."

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நகரவில்லை. என் வாழ்க்கையில் மேட்டில் நின்று உருளாத வண்டியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கிளட்சைப் பாதி விட்டேன். எஞ்சின் ஒரு கனைப்புக் கனைத்தது. மூன்று லட்சம் கிலோமீட்டர் மலை ஏறிய எஞ்சின். அதற்கு இந்தப் பாலம் ஒரு பொருட்டா? ஏறிவிட்டது! உச்சிக்குப் போய்விட்டது!

அங்கே ஒரு சிக்கல். நிறுத்தினால் மறுபடி எடுக்க முடியுமா என்று சந்தேகம். எனவே நிறுத்தவில்லை. இறக்கத்தில் இறங்கினேன். இறங்கியதும் ஒரு சின்ன ஏற்றம். அதற்கப்புறம் ஒரு வளைவு. முழுச் சமதரையாக ஓர் இடம் கிடைத்து நான் நிறுத்தியபோது பாலத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் வந்திருந்தேன். வண்டியில் நானும் இரண்டு ஸ்பீக்கரும்தான் இருந்தோம்.

இருபது நிமிடம் கழித்து அந்த லாரி வந்தது. கேபினில் சுப்பாத்தாளும் வசந்தாமணியும் இன்னொரு பெண்ணும். பின்னால் சிமெண்டு மூட்டைகளின் மேல் மஞ்சள் சேலையில் மூன்று பேர், கும்மிப் பாட்டுப் பாடிக்கொண்டு. டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். வசந்தாமணி இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்தாள். ரோட்டோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். ரங்கராஜிடம் இப்படிச் சிரித்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அரங்கேற்றம் ஒன்பது மணிக்கு. இருநூற்று நாற்பது பெண்கள் கோயில் மைதானத்தில் வட்டமாக நின்றார்கள். நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வசந்தாமணி மைக்கைப் பிடித்து முதல் அடி எடுத்தாள். ஒரே தட்டு. இருநூற்று நாற்பது ஜோடிக் கை. மைதானத்து மரத்திலிருந்து கிளிகள் எல்லாம் ஒன்றாக எழும்பிப் போயின. மூன்று வருடத்தில் அவள் ஆடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒன்றே முக்கால் மணி நேரம் பாடினாள். ஒரு வரி மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "யாருங்க அந்த அம்மா?" என்று கேட்டார். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி அவரை இன்னொரு முறை கேட்கவைத்தேன். அப்புறம்தான் பதில் சொன்னேன்.

திரும்பும்போது சாயங்காலம் நாலரை. மற்றவர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். இடம் இருந்ததால்தான் என்று சுப்பாத்தாள் சொன்னார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். அந்தப் பாலத்தில் இந்த முறை முன்னால் வண்டி எதுவும் நிற்கவில்லை. ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிட்டோம். கொஞ்ச தூரம் போனதும் நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஓட்டும்போது எதிரே பார்க்க வேண்டியிருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

"தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கே அத்தை சொல்லிட்டாங்க. எங்கூட்டுச் சமையக்கட்டுல வெச்சு. எம் பையன் தங்கமானவன் கண்ணு, காரு மட்டும் ஓட்டமாட்டான், அதுக்காவ அவன ஒண்ணுஞ் சொல்லாதன்னு."

இருபத்தொரு வருடம்.

"அப்பறம் எதுக்கு இந்த வண்டிய வாங்குனே?"

"ஸ்பீக்கருக்குத்தானுங்க" என்றாள். "நீங்க ஓட்டுவீங்கன்னு நெனச்சு வாங்கல. ஆயுத பூஜை அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

நான்காவது கியர் போட்டேன்.

"அம்மாவுக்கு எம்மேல கோவமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"கோவமா? நல்லா கேட்டீங்க. அத்தை அதச் சொல்றப்பல்லாம் சிரிப்பாங்க. அந்தக் கார்ல ஒரு மணி நேரம் ராணி மாதிரி உக்காந்திருந்தாங்களாம். போறவங்க வர்றவங்கெல்லாம் கண்ணாடிகிட்டக் குனிஞ்சு, என்னம்மா ஆச்சு, யாரு வண்டின்னு கேட்டாங்களாம். எல்லாத்துகிட்டயும், எம் பையனோட காருங்க, இப்ப வந்துருவான்னு சொல்லிட்டே இருந்தாங்களாம். தொரசாமி அண்ணன் வந்தப்ப, அதுக்குள்ள ஏஞ் சாமி வந்தேன்னு கேட்டாங்களாம்."

சமதரையாக ஓர் இடம் பார்த்து வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எதிரே ரோடு மங்கலாகத் தெரிந்தது. வைப்பரைப் போட்டேன்.

"மழை எங்கீங்க பெய்யுது?" என்றாள் வசந்தாமணி.

பெய்யவில்லைதான். பழைய வண்டியில் வைப்பர் ரப்பர் சரியாக வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். சரிங்க என்றாள். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.